செலவுக் கணக்கும் மனச்சாட்சியும்

வரவை மறைப்பவனைத் திருடன் என்று உலகம் ஏசுகின்றது. செலவை மிகைத்துக் கூறுபவனையோ அதே உலகம் கெட்டிக்காரன் என்று மெச்சுகின்றது. நூறு வெள்ளி வரவை ஒளித்தாலும், நடவாத நூறு வெள்ளிச் செலவை எழுதினாலும், வரி கணக்கிடும்போது விளையும் பிழை ஒன்றே. குற்றம் ஒன்றாயிருக்க, ஒன்றுக்கு வசையும் மற்றொன்றுக்குப் புகழும் ஏன்? இதனை ஆராயுமிடத்து, செலவு என்னும் சொல்லின் பொருளையே நாம் இன்னும் செவ்வனே உணரவில்லை என்பது புலனாகும். அப்பொருளை ஒரு சிறு விஷயத்தை வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அவ்விஷயம் விடுமுறை வீடுகளைப் பற்றியது. போர்ட் டிக்சன் கடற்கரைக்கோ கேமரன் மலைக்கோ சென்றவர்கள், சாலையோரப் பலகைகளிலே ‘ஹோம்ஸ்டே’ என்ற சொல்லைக் காணாமல் திரும்பியிருக்க மாட்டார்கள். நம்மவரிலும் இத்தகைய வீடுடையோர் உளர். ஓய்வு பெற்ற ஆசிரியர், கடைக்காரர், உத்தியோகஸ்தர் முதலானோர் தம் சேமநிதிப் பணத்தோடு வங்கிக் கடனையும் கூட்டி ஒரு வீட்டை வாங்குகின்றனர். ஓரிரவும் ஈரிரவும் தங்க வருவோர்க்கு அதனை வாடகைக்கு விடுகின்றனர். பள்ளி விடுமுறையிலே தம் மக்களோடு தாமும் சென்று தங்குகின்றனர். லயத்திலே பிறந்தவர்களின் பிள்ளைகள் கடலோரத்திலே ஒரு வீட்டுக்கு உரியவர்களாவது கண்டு நாம் மகிழ்கின்றோமேயன்றி அழுக்காறு கொள்வோமல்லோம்.

வாடகை வருமானத்துக்கு வரி உண்டு. ஆயினும் வந்த பணம் முழுமைக்கும் வரியன்று. அதனை ஈட்டுதற்கு ஆன செலவைக் கழித்து எஞ்சியதற்கே வரி. ஆகவே எது செலவு, எது செலவன்று என்ற கேள்வி எழுகின்றது. இது கணக்கரைக் கேட்க வேண்டிய கேள்வி என்று பலர் எண்ணுவர். முதற்கண் மனச்சாட்சியைக் கேட்க வேண்டிய கேள்வி இது என்பதே நம் கருத்து.

சட்டம் கூறுவதை முதலில் பார்ப்போம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வருமான வரிச் சட்டங்கள் 1947-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1948-ஆம் ஆண்டுத் தொடக்கம் முதல் நடைமுறைக்கு வந்தன. இன்று மலேசியாவில் நடைமுறையில் இருப்பது 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். வருமானத்தை ஈட்டும்பொருட்டு, முழுவதும் அதற்கென்றே செய்த செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்று அதன் 33-ஆம் பிரிவு இடந்தருகின்றது. குடும்பச் செலவும் சொந்தச் செலவும் முதலாகப் போட்ட பணமும் கழிக்கத் தக்கனவல்ல என்று 39-ஆம் பிரிவு தடுக்கின்றது. முன்னது திறந்த கதவு. பின்னது அக்கதவுக்குப் போட்ட தாழ்.

இந்த அளவுகோலை வீட்டின்மேல் வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்? நகராண்மைக்குக் கட்டும் மதிப்பீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதிச் சந்தா, வீட்டை வாங்கப் பெற்ற கடனுக்கு வட்டி, உடைந்த ஓட்டை மாற்றுதல், ஒழுகும் குழாயைச் செப்பனிடுதல் ஆகியவை செலவு. புதிதாக ஓர் அறையைக் கட்டுவது செலவன்று. அது முதலைப் பெருக்குதல். முதன்முதல் வாடகைக்கு ஆள் தேடச் செய்த விளம்பரமும் செலவாகாது. வருமானம் என்னும் ஊற்று அப்பொழுது இன்னும் திறக்கவில்லை என்பது காரணம். இனி, சும்மா வாடகைக்கு விடுதல் வேறு, தங்குவோர்க்குப் பணிவிடை செய்து தொழிலாக நடத்துதல் வேறு என்று, உள்நாட்டு வருமான வரி வாரியம் 2018-இல் வெளியிட்ட 12-ஆம் இலக்கப் பொது விளக்கம் பிரித்துக் காட்டுகின்றது. துப்புரவு முதலிய பணிகளை வீட்டுக்காரர் முனைந்து முழுமையாகச் செய்து தருவாராயின் அது தொழில் வருமானம். அப்பொழுது வேலையாள் சம்பளம், துணி வெளுக்கும் கூலி, ஆள் பிடித்துத் தருவோர்க்குக் கொடுக்கும் கமிஷன் ஆகியனவும் கழியும். கட்டில் நாற்காலி முதலியவற்றின் தேய்மானத்துக்கும் கழிவு உண்டு.

இவ்வளவும் எழுத்து. எழுத்து வாசற்படியோடு நின்றுவிடும். வீட்டுக்குள் நுழைந்து, இந்தக் கட்டிலில் படுத்தது வாடகை கொடுத்தவரா, வீட்டுக்காரரின் மைத்துனரா என்று பார்த்து வர அதற்குக் கண்ணில்லை. சம்பளக்காரனுடைய நிலை இவ்வாறன்று. 1995-ஆம் ஆண்டு முதல், வரி கட்ட வேண்டிய சம்பளக்காரனின் வரியை மாதந்தோறும் முதலாளியே பிடித்துக் கட்டிவிடுகின்றார். பணம் அவன் கைக்கு வருமுன்னரே அரசாங்கத்தின் பங்கு போய்விடுகின்றது. அவன் பொய் சொல்ல நினைத்தாலும் வாய்ப்புச் சிறிது. வீட்டுக்காரரோ தம் வரவைத் தாமே கூறி, செலவைத் தாமே எழுதி, வரியைத் தாமே கணித்துக் கட்டுகின்றார். தனியாட்களுக்கு 2004-ஆம் ஆண்டு முதல் மலேசியாவிலே இம்முறை நடந்து வருகின்றது. சாட்சியும் அவரே, கணக்கரும் அவரே, முதல் தீர்ப்புக் கூறும் நீதிபதியும் அவரே. பின்னால் தணிக்கை வரலாம், வராமலும் போகலாம். எவனுக்குப் பொய் கூற இடமில்லையோ அவனுடைய நேர்மையைச் சோதிக்க முடியாது. இடமுள்ளவருடைய நேர்மையே நேர்மை.

நிற்க. இதுகாறும் பிறரைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிக் கூறுதல் கடமையாகின்றது.

நாம் தோட்டத்துக் கிராணி. ஆங்கிலப் பள்ளியிலே படித்ததன் பயனாகப் படிவங்களை நிரப்பத் தெரியும். ஆதலின் அண்டை அயலார் பலருக்கு அந்த உதவியைச் செய்து வருகின்றோம். நம்மினும் மூத்த நண்பரொருவர், கடற்கரைப் பக்கத்திலே விடுமுறை வீடொன்று உடையவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிஸ்கட் டின் நிறைய ரசீதுகளைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தார். ஆண்டில் 120 இரவு பிறர் தங்கினர். 30 இரவு அவரும் அவர் சுற்றத்தாரும் தங்கினர். மற்ற நாள் வீடு பூட்டிக் கிடந்தது. நாம் ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதி வந்தோம். கடன் வட்டி சரி. மதிப்பீட்டு வரி சரி. கூரை செப்பனிட்ட கூலி சரி. பிறகு சில ரசீதுகள் கையிலே தயங்கின. பிறருக்குத் திறவாமல் அவர் தமக்கென்றே பூட்டி வைத்திருக்கும் அறைக்கு வாங்கிய கட்டில் 1,400 வெள்ளி. பட்டணத்திலே அவர் குடியிருக்கும் வீட்டுக்கு அடித்த சாயம் 1,100 வெள்ளி. பேரப் பிள்ளையின் பிறந்த நாள் விருந்து 900 வெள்ளி. குடும்பத்தோடு போய்வந்த காருக்கு எண்ணெய் 500 வெள்ளி. ஆக மொத்தம் 3,900 வெள்ளி.

“அண்ணே, இவை அந்த வீட்டு வாடகைக்கான செலவல்லவே?” என்றோம். “தம்பி, எல்லாம் என் பையிலிருந்து போன பணந்தானே? யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? எழுதுங்கள்” என்றார் அவர். எழுதினோம். ஏன் எழுதினோம் என்று வாசகர் கேட்பர். அவ்வாண்டு தீபாவளி விடுமுறையிலே நம் மனைவி மக்களோடு மூன்றிரவு அந்த வீட்டில் வாடகையின்றித் தங்கியிருந்தோம். உண்ட வீட்டிலே மறுத்துப் பேச நா எழவில்லை. நம் குழந்தைகள் குளித்த நீருக்கும், அவர்கள் உறங்கும்போது ஓடிய குளிர்சாதனத்தின் மின்சாரத்துக்கும் ஆன பணம் தொழிற் செலவென்று எழுதப்பட்டது. எழுதியது நம் கை.

அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்து, விரிப்புகளைத் துவைத்து மாற்றி வைப்பவர் ஓர் அம்மாள். ஐம்பதைக் கடந்தவர், முன்னாளில் நம் தோட்டத்திலேயே பால்மரம் வெட்டியவர். தோட்டத்தின் ஒரு பகுதி வீட்டு மனைகளாக மாறியபோது குடும்பத்தோடு வெளியேறியவர். ஒரு முறை துப்புரவு செய்தால் 80 வெள்ளி. ஆண்டில் 60 முறை. ஆக 4,800 வெள்ளி அவர் கைக்குப் போயிருந்தது. நாம் அங்கே தங்கியிருந்தபோது, நண்பருக்குக் கணக்கு எழுதுபவர் நாமே என்று எப்படியோ அறிந்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, “கிராணி ஐயா, எம் பேரைப் போட்டாச்சா?” என்று கேட்டார்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அக்கேள்வியின் பொருள் விளங்கும். விடியுமுன் பிரட்டுக் களத்திலே நின்று பேர் கொடுப்பதும், அப்பெயரைக் கிராணி செக்ரோலில் எழுதுவதும் அன்றைய நாளின் முதற் காரியம். எழுதப்பட்டால் அந்நாள் உண்டு. எழுதப்படாவிட்டால் எவ்வளவு வியர்வை சிந்தினாலும் அந்நாள் இல்லை. மாலையிலே வந்து ‘எம் பேரைப் போட்டாச்சா?’ என்று கேட்டு உறுதி செய்துகொண்டு போவது பழைய தொழிலாளிகளின் வழக்கம். நாம் அந்த அம்மாளிடம் “பார்க்கிறேன், அம்மா” என்றோம். பார்த்தோம், இல்லை. டின்னில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. நண்பரைக் கேட்டோம். “எழுதினால் அவர் வேலையாள் ஆகிவிடுவார், பிறகு சேமநிதி, சொக்சோ என்று ஒவ்வொன்றாக வரும். எதற்கு வம்பு?” என்றார்.

உண்மையான செலவு 4,800 வெள்ளி மறைந்தது. செலவல்லாத 3,900 வெள்ளி அவ்விடத்தில் ஏறி அமர்ந்தது. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கிராணி வேலையிலே நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய பாவம் இரண்டு. வேலை செய்தவன் பேரை விடுதல் ஒன்று. வேலை செய்யாதவன் பேரை எழுதுதல் மற்றொன்று. பகலிலே செக்ரோலில் செய்ய அஞ்சும் இரண்டு பாவங்களையும், இரவிலே நண்பரின் கணக்கில் ஒரே பக்கத்தில் செய்துவிட்டோம் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

செலவுக் கணக்கு என்பது ஒரு செக்ரோல் என்பதே அன்று நாம் கண்ட உண்மை. வரவுப் பக்கத்திலே நம் பெயர் மட்டும் இருக்கின்றது. ‘நான் ஈட்டினேன்’ என்று அப்பக்கம் கூறுகின்றது. செலவுப் பக்கமோ, ‘நீ மட்டும் ஈட்டவில்லை, இன்னார் இன்னாருடைய உழைப்பின்மேல் நின்று ஈட்டினாய்’ என்று திருத்துகின்றது. ஒவ்வோர் உருப்படியாக எடுத்துப் பாருங்கள். கூரைக் கூலிக்குப் பின்னே ஏணியில் ஏறிய ஆள் நிற்கின்றான். மதிப்பீட்டு வரிக்குப் பின்னே குப்பை அள்ளுவோனும் சாக்கடை வெட்டுவோனும் நிற்கின்றனர். வங்கி வட்டிக்குப் பின்னே தம் சேமிப்பை வங்கியிலே போட்டு வைத்த எண்ணற்றோர் நிற்கின்றனர். தீக்காப்புறுதிச் சந்தா, வீடு எரியாத பலர் கூடி வீடு எரிந்த ஒருவனைத் தாங்கும் ஏற்பாட்டில் ஒரு பங்கு. தேய்மானங்கூட, நாற்காலி செய்த தச்சனின் உழைப்பு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உண்ணப்படுவதன் கணக்கேயாகும். இவர்களுடைய பங்கைக் கொடுத்த பிறகு எஞ்சுவதே நம்முடைய ஊதியம். அதற்கு மட்டும் வரி கேட்பது நியாயமே.

இவ்வாறு நோக்கினால், ‘முழுவதும் அதற்கென்றே’ என்ற சட்டத்தின் கடுஞ்சொல் ஓர் அறச்சொல்லாக மாறுகின்றது. பேரப் பிள்ளையின் விருந்தை அப்பக்கத்தில் எழுதக்கூடாது. அது கெட்ட செலவு என்பதனால் அன்று. பேரனுக்கு விருந்து செய்தல் நல்ல காரியந்தான். அது வாடகையை ஈட்டித் தரவில்லை. வாடகை ஈட்டிக் கொடுத்த பணத்தை நாம் துய்த்த இன்பம் அது. துய்த்ததை உழைத்ததாக எழுதுவது, பிரட்டுக்கு வராமல் பேர் போட்டுக்கொள்வதற்கு ஒப்பாகும்.

இதற்குச் சில அன்பர்கள் தடை கூறுவர். ‘அரசாங்கம் பணத்தை வீணாக்குகின்றது, அதற்கு நாம் ஏன் நேர்மையாகக் கொடுக்க வேண்டும்?’ என்பது ஒன்று. அரசாங்கம் வீணாக்கினால் அதனைக் கேட்கும் இடம் வாக்குச் சாவடியும் பொதுமேடையும் பத்திரிகையுமாம். கணக்கை மாற்றி எழுதுகிறவன் அரசாங்கத்தைத் திருத்தியவனல்லன். தன் பங்கைப் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் ஏற்றியவனே. சம்பளத்திலே வரி பிடிபடும் ஆசிரியையும் தாதியும், பொருளின் விலையோடு சேர்த்து வரி கொடுக்கும் தோட்டத் தொழிலாளியும் தப்ப வழியின்றி அச்சுமையைச் சுமக்கின்றனர். ‘எல்லாரும் செய்கின்றனர்’ என்பது மற்றொன்று. எல்லாரும் செய்கின்றனர் என்பதனாலேயே சாதி இத்தனை காலம் நின்றது. அச்சொல்லை ஏற்பவருக்குச் சீர்திருத்தம் என்ற பேச்சே வேண்டாம்.

மூன்றாவது தடை மெய்யானது. அதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ‘ஒரே சாயம், ஒரே கூரை, ஒரே குழாய், வாடகைக்கு வந்தவரும் துய்த்தார், நாமும் துய்த்தோம். இதில் எவ்வளவு அவருக்கு, எவ்வளவு நமக்கு என்று எப்படிப் பிரிப்பது?’ என்பர். இக்கேள்வியிலே பல நாட்டுச் சட்டங்களும் தடுமாறியிருக்கின்றன. அமெரிக்க நாட்டார் 1976-ஆம் ஆண்டில் இயற்றிய ஒரு விதியால் நாட்களை எண்ணிப் பிரிக்க முற்பட்டனர். ஆண்டில் 15 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட்டால் அவ்வாடகைக்கு வரியுமில்லை, அதற்கெதிரே செலவுமில்லை. அதற்கு மேற்பட்டு விடுவோர், 14 நாள் அல்லது வாடகை நாட்களில் பத்திலொரு பங்கு, இவ்விரண்டில் எது அதிகமோ அதனைக் கடந்து தாமே தங்கினால், அது அவர் வாழும் வீடாகக் கருதப்படும். அப்பொழுது கழிக்கும் செலவு வாடகை வரவை மிஞ்சக்கூடாது. மிஞ்சியதைச் சம்பளத்திலே கழித்துத் தப்ப இயலாது.

நம் நண்பரின் வீடு அந்நாட்டில் இருந்திருந்தால், 120-இல் பத்திலொன்று 12. அதனினும் 14 பெரிது. அவர் தங்கியதோ 30. ஆகவே வரம்பு கடந்தவராவார். பொதுச் செலவையும் 150-இல் 120 பங்கு, அதாவது ஐந்தில் நான்கு, மட்டுமே எழுத முடியும். குடும்பத்தார் தங்கிய நாளும் வீட்டுக்காரர் தங்கிய நாளாகவே எண்ணப்படும். ஆனால் நாள் முழுவதும் வீட்டைச் செப்பனிடுவதிலேயே வீட்டுக்காரர் செலவழித்தால், அவர் குடும்பத்தார் அன்று அங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும், அது சொந்த நாளாகாது. இங்கேதான் விஷயம் மீண்டும் மனத்திடம் வந்து சேர்கின்றது. அன்று தூரிகை நாள் முழுதும் சுவரில் ஓடியதா, அரை மணி ஓடிவிட்டு வாளியில் கிடந்ததா என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. எத்துணை நுட்பமாக விதி வகுத்தாலும், கடைசிக் கேள்விக்கு விடை கூற வேண்டியவன் மனிதன்.

எண்ணும் தொல்லையே வேண்டாம் என்று ஒரு வழியும் உண்டு. சிங்கப்பூரிலே தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுதலே சட்டத்துக்கு மாறு. ஆதலின் அங்கே நாம் கூறும் விடுமுறை வீட்டுக்கு இடமில்லை. நெடுநாள் வாடகைக்கு விடுவோர்க்கோ, 2016-ஆம் மதிப்பீட்டாண்டு முதல் ஒரு வசதி உண்டு. கடன் வட்டி நீங்கலாக மற்றச் செலவுகளுக்கு ரசீது காட்டாமலே வாடகையில் நூற்றுக்கு 15 வீதத்தைச் செலவாகக் கொள்ளலாம். வேண்டாதவர் மெய்ச் செலவைக் காட்டலாம். பொய்க்கு வழியடைப்பதில் இம்முறை சிறந்தது. அலுவலர்க்கும் வீட்டுக்காரர்க்கும் வேலை மிச்சம். ஆயினும் நம் மனம் முழுவதும் இதனை ஏற்கத் தயங்குகின்றது. 15 வீதம் என்று ஒரு தொகை எழுதியதும் ஏணியில் ஏறியவன் பெயரும் துணி துவைத்தவள் பெயரும் அத்தொகைக்குள் மூழ்கிவிடுகின்றன. வரிக்கு அந்தச் சுருக்கம் போதும். ஆயினும் வீட்டுக்காரர் தம் மேசையிலே பெயர்களோடு ஒரு தனிக் கணக்கு வைத்துக்கொள்வாராக.

மற்றொரு புறத்தையும் கூறாது விடலாகாது. உரிய செலவையும் கழிக்க அஞ்சிக் கூடுதலாக வரி கட்டுவோர் நம்மவரிலே பலர். படிவம் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கின்றது. ‘எதையாவது எழுதி அகப்பட்டுக் கொள்வானேன்’ என்று வந்த வாடகை முழுவதையும் எழுதி வரி கட்டிவிடுகின்றனர். இதனைத் தியாகம் என்று புகழ்வாரும் உளர். இது தியாகமன்று, அறியாமையினால் வந்த அச்சம். கணவனை இழந்த ஒருத்தி தன் ஒரே வீட்டை வாடகைக்கு விட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றாள் என்று கொள்வோம். அவள் கட்டும் தீக்காப்புறுதியும் நிலவரியும் அவளுடைய உரிமைக் கழிவுகள். அவற்றைக் கேட்பது பேராசையன்று. படித்தவர்கள் அவளுக்கு அதை எடுத்துச் சொல்லாமலிருப்பதே குற்றம். ஆங்கிலம் கற்ற நாம் அக்கல்வியைப் பொய்க் கணக்கு எழுத வாடகைக்கு விடுகின்றோம். மெய்க் கணக்கை ஏழைக்கு விளக்கச் சோம்புகின்றோம். சீர்திருத்தம் பேசும் நம் போன்றோர்க்கு இதனினும் வெட்கக்கேடு வேறு என்ன வேண்டும்?

நம் கதையின் முடிவைக் கூறுவோம். மறுநாள் நண்பரிடம் சென்றோம். மூன்றிரவு வாடகையை அவர் மேசைமேல் வைத்தோம். பிறகு ஒரு தாளிலே இரண்டு கணக்கை எழுதிக் காட்டினோம். நீக்க வேண்டியது 3,900 வெள்ளி. சேர்க்க வேண்டியது அம்மாளின் கூலி 4,800 வெள்ளி. முதலாளியின் சேமநிதிப் பங்கு நூற்றுக்கு 13 வீதம், ஏறத்தாழ 624 வெள்ளி. ஆக 5,424 வெள்ளி. “அண்ணே, பொய்யால் நீங்கள் பெறுவதைவிட மெய்யால் பெறும் கழிவே பெரிது” என்றோம். அவர் நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாளின் பெயரைப் பதிவு செய்ய இசைந்தார். 3,900 வெள்ளியை நீக்க மட்டும் இசையவில்லை, “இரண்டும் இருந்தால் இன்னும் நல்லதல்லவா?” என்றார். நாம் கையெழுத்து வைக்கும் கணக்கில் அது இராது என்றோம். டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்பொழுது வேறொருவர் அவருக்குக் கணக்கு எழுதுகின்றார். வழியிலே கண்டால் முன்போல் நின்று பேசுவதில்லை.

இதிலே நாம் வென்றதாகக் கூறமாட்டோம். அம்மாளுக்கு நன்மை விளைத்தது நண்பரின் மனமாற்றமன்று, 5,424 என்ற எண். அறம் செய்ய வேண்டியதைப் பல வேளை ஆதாயம் செய்துவிடுகின்றது. அதனால் அறத்தின் கடன் தீர்ந்ததாகாது. ஆதாயம் எதிர்ப்புறம் திரும்பும் நாளிலே, அவர் பெயர் மீண்டும் ஏட்டிலிருந்து மறையக்கூடும். அம்மாளிடமும் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது: அவர் கூலியிலிருந்தும் நூற்றுக்கு 11 வீதம் சேமநிதிக்குப் பிடிப்பார்கள், கைக்கு வருவது குறையும் என்றோம். சற்று யோசித்து, “பிடிக்கட்டும், ஐயா. பேரு இருக்குதில்ல, அது போதும்” என்றார்.

அன்பர்களே! சம்பள வருமானக்காரர் ஏப்ரல் மாத இறுதிக்குள்ளும், தொழில் வருமானம் உடையோர் ஜூன் மாத இறுதிக்குள்ளும் ஆண்டுதோறும் படிவம் கொடுக்க வேண்டும். ரசீதுகளை ஏழு ஆண்டு பேணி வைக்க வேண்டும் என்பதும் சட்டம். விடுமுறை வீடுடையோர் அவற்றை எடுத்து ஒவ்வொன்றாக வைக்கும்போது, ‘இது யாருடைய உழைப்பு? அது எனக்கு வாடகை ஈட்டித் தந்ததா, அல்லது நான் துய்த்ததா?’ என்று கேட்பார்களாக. இரண்டும் கலந்திருந்தால் நாட்களை எண்ணிப் பிரிப்பார்களாக. ரசீதே இல்லாத உழைப்பு ஏதேனும் உண்டா என்று டின்னுக்கு வெளியேயும் தேடுவார்களாக. முன்னர்ப் பிழையாக எழுதியிருந்தால், குறித்த காலத்துக்குள் தாமே திருத்திக் கொடுக்கச் சட்டமே வழி வைத்திருக்கின்றது. அதற்கு வெட்க வேண்டுவதில்லை. கணக்கெழுதும் நம் போன்றோர், பேனாவைக் கீழே வைக்குமுன், அந்த அம்மாள் கேட்ட கேள்வியை ஒரு முறை நமக்குள்ளே கேட்டுக்கொள்வோமாக.